அரண்மனை மைதானத்து மழையும் தமட்டையின் தோலும்

ஓசூர் சிப்காட்டில் ஆலைப் பேருந்துகள் ஆட்களை இறக்கிவிட்டுச் செல்லும் மாலை வேளைகளில், தேநீர்க் கடைகளில் ஓர் உரையாடலை அவ்வப்போது கேட்க நேர்கிறது. பேசுவோர் நாற்பதைக் கடந்தவர்கள், பலர் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, தொழில் பழகுநராக இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். பேச்சு ஊதிய உயர்வில் தொடங்கும். வீட்டுமனை விலைக்குச் செல்லும். பிறகு எப்படியோ பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வந்து நிற்கும். 2003 ஏப்ரல் 4 அன்று மழைக்கிடையே ரோலிங் ஸ்டோன்ஸ் பாடியது, 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் மேடையேறியது, 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா வந்தது. இவற்றுக்கிடையே 2002இல் ரோஜர் வாட்டர்ஸ், 2005இல் மார்க் நாஃப்ளர். திருமண நாளை மறந்துவிடக்கூடியவர்களும் இந்தத் தேதிகளை மறப்பதில்லை. அந்தக் காலம் இனி வராது என்ற பெருமூச்சோடு பேச்சு முடிகிறது.

தலித் உரிமைகளைப் பேசும் ஒரு தளத்தில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நாங்களும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ராக் இசை பற்றிய நினைவேக்கம் ஆங்கிலம் பேசும் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் சொகுசு. அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்பது எங்கள் முடிவாக இருந்தது. அந்த முடிவை அசைத்தவர் வழக்கு தொடர்பாக எங்களிடம் வந்த ஒரு கட்சிக்காரர். சூளகிரிப் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்து ஓசூரில் ஆலைப் பணியில் இருப்பவர். 2007 நிகழ்ச்சிக்கு நண்பர்களோடு போனவர். அன்று பாடல்களில் ஒரு வரிகூடத் தனக்கு விளங்கவில்லை என்றார். பிறகு ஏன் இத்தனை ஆண்டுகளாக அதையே பேசுகிறீர்கள் என்று கேட்டோம். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று அந்த நான்கு மணி நேரமும் தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதே அவர் சொன்ன விடை.

இந்த எல்லைப் பகுதியை அறிந்தவர்களுக்கு அந்த விடையின் கனம் புரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சிற்றூர்களில் 'எந்த ஊர்' என்பது அரைக் கேள்வி. 'எந்தப் பக்கம்' என்பதில்தான் மீதி இருக்கிறது. ஆலைகள் வந்த பிறகு இக்கேள்வி மறைந்துவிடும் என்று 1970களில் சிப்காட் உருவானபோது நம்பியவர்கள் உண்டு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரும் நிறுவனங்கள் வந்தன. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தார்கள். ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது அந்த அரைக் கேள்வியும் மீதிக் கேள்வியும் சேர்ந்தே வருகின்றன. 2018 நவம்பரில் ஓசூரில் வாழ்ந்துவந்த சாதிமறுப்பு மண இணையர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். உடல்கள் கர்நாடகத்தில் காவிரி ஆற்றில் கண்டெடுக்கப்பட்டன. பெண்ணின் தந்தை உள்ளிட்ட உறவினர்கள் கைது செய்யப்பட்டனர். தொழில் நகரத்துக் கூட்டம் தங்களை மறைத்துக்கொள்ளும் என்று நம்பி வந்தவர்களுக்கு நேர்ந்தது அது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் தொலைவில், ஆயிரக்கணக்கானோர் நடுவே, கறுப்பு பனியன் அணிந்த இன்னொரு தலையாக மட்டும் நின்ற சில மணி நேரத்தை ஒருவர் வாழ்நாள் முழுதும் ஏங்கி நினைப்பது ஏன் என்பது இதன் பின்னணியில் விளங்குகிறது. அவர் ஏங்குவது கிட்டார் ஒலிக்காக மட்டுமன்று.

இந்த ஏக்கத்துக்கு நம் அரசமைப்புச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு என்று சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். உறுப்பு 15(2), சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்களைப் பட்டியலிடுகிறது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு அதே மூச்சில் பொதுப் பொழுதுபோக்கு இடங்களும் வருகின்றன. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவை அடுத்த பிரிவில்தான் வருகின்றன. குடிநீருக்கும் உணவுக்கும் உரிமை கேட்ட மக்களுக்குக் கேளிக்கை எதற்கு என்று சட்டம் இயற்றியோர் நினைக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம், அதாவது 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, பொதுப் பொழுதுபோக்கு இடத்தில் நுழைவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பொதுமக்கள் அனுமதிக்கப்படும், ஏதேனும் ஒரு கேளிக்கை நடைபெறும் எந்த இடமும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வரும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அது இன்னும் கூர்மையானது: பிரிவு 3(1)(za)இன்படி பொதுப் பொழுதுபோக்கு இடத்தில் நுழைவதைத் தடுப்பதும், பண்பாட்டு ஊர்வலம் நடத்துவதையோ அதில் பங்கேற்பதையோ தடுப்பதும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியவை.

சட்டம் பார்க்காதவையும் உண்டு. நுழைவுச்சீட்டின் விலையைச் சட்டம் பார்ப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பல நாள் கூலியைக் கொடுத்துத்தான் உள்ளே போக முடியும் என்றால், அவரைச் சாதி தடுத்ததா வறுமை தடுத்ததா என்று பிரித்துக் காட்டும் சுமை அவர் தலையில்தான் விழும். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓசூருக்குத் திரும்பப் பேருந்து இல்லாததையும் சட்டம் பார்ப்பதில்லை. அன்றைய நினைவுகளைப் பகிர்பவர்களிடம் துருவிக் கேட்டால், பாதி நினைவு மேடையைப் பற்றியதாகவும் மீதி நினைவு விடியும்வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்ததைப் பற்றியதாகவும் இருக்கிறது. ஒரு பெண்கூட இந்த நினைவுகளில் வருவதில்லை என்பதையும் குறித்தாக வேண்டும். இரவில் திரும்ப வழியில்லாத பொழுதுபோக்கு யாருக்கானது என்பது அதிலேயே வெளிப்படுகிறது.

பொற்காலம் என்று எதைச் சொன்னாலும் அதன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்ப்பது எங்கள் தொழில்வழி வந்த பழக்கம். ராக் இசையின் அடித்தளத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரே மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த ஒரு பாடலின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. மிசிசிப்பியில் பிறந்த வில்லி டிக்ஸன் எழுதிய பாடல்களைப் பாடி இங்கிலாந்து இளைஞர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். லெட் செப்பலினின் பெரும் வெற்றிப் பாடல்களில் ஒன்று தன் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது சமரசத்தில் முடிந்தது. பாடல் வெளிவந்தது 1969இல். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகின் எத்தனையோ இளைஞர் அறைகளில் அது ஒலித்திருக்கும். அவற்றுள் எதிலும் டிக்ஸனின் பெயர் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய ஓசை, விற்பனைக்கு வரும்போது உருவாக்கியவரை உதறிவிட்டு வருகிறது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டபோது உணர்ந்த உறவு இத்தகையதுதான். ஓசூர்த் தேநீர்க் கடையில் ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்குச் சின்னம் பொறித்த பனியனோடு உட்கார்ந்திருக்கும் நம் தோழருக்கு அந்த இசையின் மீது இருக்கும் உரிமை, அவர் நினைப்பதைவிடப் பழையது.

ஆனால் அதே தோழரின் தெருவிலேயே இன்னொரு இசை இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பெருமூச்சு விடுவதில்லை.

தமிழில் பறை, தப்பு, கன்னடத்தில் தமட்டே, தெலுங்கில் டப்பு. இந்த எல்லையில் மூன்று மொழிகளும் கலந்து புழங்குவதால் பெயரும் கலந்தே புழங்குகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமட்டை என்பார்கள். வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றி, இரண்டு குச்சிகளால் அடிப்பது. மழை வந்தால் தோல் தளர்ந்துவிடும். மறுபடி தீ மூட்ட வேண்டும். அரண்மனை மைதானத்து மழையைக் கொண்டாடும் கதைகளைக் கேட்கும்போதெல்லாம், மழையில் நனைந்த தோலோடு சவ ஊர்வலத்தின் முன்னால் நடந்த நம் முதியவர்கள் எங்களுக்கு நினைவுக்கு வருகிறார்கள். தோல் ஒலிக்காவிட்டால் வசவு அவர்களுக்குத்தான் விழும்.

அம்முதியவர்களிடம் பழைய நாட்களைப் பற்றிக் கேட்டால் பேச்சு இரண்டாகப் பிளக்கிறது. அடவுகளைப் பற்றி, ஓர் எருது விடும் விழாவில் விடியவிடிய அடித்ததைப் பற்றி, மாரியம்மன் திருவிழாவில் பக்கத்து ஊர்க் குழுவோடு போட்டியிட்டு வென்றதைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்கிறது. அதே விழாவில் எங்கே நிற்க வைத்தார்கள், உணவை எப்படிக் கொடுத்தார்கள், கூலியை எப்படி வீசினார்கள் என்ற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நினைவேக்கம் கொள்வதற்கு நினைவு முழுதாகத் தன்னுடையதாக இருக்க வேண்டும். இவர்களின் நினைவில் பாதி, அடித்தவரைவிட அடிக்கச் சொன்னவருக்கே சொந்தமாக இருக்கிறது. விரும்பிப் போன நிகழ்ச்சியைத்தான் மனிதர் ஏங்கி நினைக்க முடியும். போகாவிட்டால் ஊரில் தண்ணீர் கிடைக்காது என்ற நிலையில் போன நிகழ்ச்சியை எப்படி நினைப்பது?

இதைச் சட்டத்தின் மொழியில் விளக்கினால் இப்படி வரும். உறுப்பு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. உறுப்பு 23 கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு, துப்புரவு செய்யவோ, செத்த விலங்கின் உடலை அகற்றவோ, தோலுரிக்கவோ, அதுபோன்ற வேறு பணியைச் செய்யவோ தீண்டாமையின் பேரால் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. இழவுக்குப் பறையடிக்கக் கட்டாயப்படுத்துவதும் 'அதுபோன்ற வேறு பணி'யில் அடங்கும் என்பது எங்கள் வாதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவு பேகார் முதலிய கட்டாய உழைப்பைத் தண்டிக்கிறது. அடிக்க மறுத்ததற்காக மளிகைக் கடையில் பொருள் தர மறுத்தாலோ, கூலி வேலைக்கு அழைக்காமல் ஒதுக்கினாலோ 3(1)(zc) பிரிவு பொருந்தும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு அதன்படி குற்றம். 1990களில் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் மக்கள் இழவு மேளத்தை நிறுத்தியபோது தாக்குதலும் ஊர்விலக்கமும் தொடர்ந்தன. அன்று கையில் இருந்த சட்டத்தில் புறக்கணிப்புக்கென்று இந்தப் பிரிவு இருக்கவில்லை.

சட்டம் இருந்தும் வழக்கு நிற்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் 'வழக்கம்' என்ற சொல். காவல் நிலைய விசாரணையில் எதிர்த்தரப்பு சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, தலைமுறை தலைமுறையாக அவர்களே வருகிறார்கள், அறுவடையில் நெல்லோ ராகியோ கொடுத்துவிடுகிறோம். தானியம் கொடுத்ததே கட்டாயம் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டின் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் கூறியது வேறு: பசியும் வறுமையும் வேறு வழியின்மையும் ஒருவரைக் குறைந்த கூலிக்கு உழைக்க வைத்தால் அதுவும் உறுப்பு 23 சொல்லும் கட்டாய உழைப்பே. புகாரில் இந்த அடிப்படையைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். எத்தனை நாள் அடித்தார், என்ன கொடுத்தார்கள், மறுத்தால் என்ன நடக்கும் என்று யார் எப்போது சொன்னார், மறுத்த பிறகு எந்தக் கடை, எந்தக் கிணறு, எந்த வயல் மூடப்பட்டது ஆகியவை தேதியோடு இருந்தால் 'வழக்கம்' என்ற சொல் வலுவிழக்கிறது.

அரசும் ஒரு கட்டத்தில் இதைக் கண்டுகொண்டது. அரசாணைகளை ஊரறிவிக்கத் தண்டோரா போடும் முறையை நிறுத்த வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட கடிதம். அறிவிப்பதற்கு ஒரு மனிதரின் கழுத்தில் பறை தொங்கத்தான் வேண்டும் என்பது தேவையால் நீடித்ததா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

பறையைத் தூக்கியெறிவதா, மீட்டெடுப்பதா என்ற விவாதம் நம் இயக்கங்களுக்குள் நெடுநாளாக உண்டு. எங்கள் நிலைப்பாடு எளிமையானது. எளிமையானது என்பதாலேயே இரு தரப்பிலும் வசவு வாங்கியிருக்கிறோம். குச்சியை எரித்தவரும் சரி, மேடையில் ஏறி அடிப்பவரும் சரி, இருவரும் பயன்படுத்துவது ஒரே உரிமையை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் வாசிப்பது கலையன்று, ஏவல். மறுக்கும் உரிமை உறுதியான பிறகு வாசிப்பவரைப் பார்த்து, இழிவைச் சுமக்கிறாய் என்று சொல்வதற்கு எவருக்கும் தகுதியில்லை. கர்நாடகத்தின் தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இலும் மதுரையின் பறையாசிரியர் வேலு ஆசானுக்கு 2025இலும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல்லின் சக்தி கலைக் குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. விருதுகளைக் கண்டு நாங்கள் மயங்கவில்லை. ஆனால் 'இழவு மேளம்' என்று கேலி செய்தவர்களின் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் பறை கற்க வருவதைப் பார்க்கிறோம்.

கலைஞர் என்ற முறையில் உள்ள உரிமையையும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' யார் என்று வரையறுக்கும்போது பாடகர், இசைக்கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூடச் சேர்த்திருக்கிறது. தமட்டை அடிப்பவர் ஐயத்துக்கு இடமின்றி அதில் அடங்குவார். அவர் நிகழ்த்தியதை அவர் அனுமதியின்றிப் பதிவு செய்து விற்பனைக்குக் கொண்டுசெல்வது அவரது உரிமையை மீறுவது. அந்த உரிமை ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். வில்லி டிக்ஸன் முதுமையில் நீதிமன்றப் படியேறிப் பெற்றதை, நம்மவர்கள் ஒலிப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இனி, ராக்கும் பறையும் ஒரே மேடையில் நின்ற நிகழ்வுக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு அது. கானா, ராப், ராக், பறை, சட்டி, கட்டமோளம் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. இசைவாணி, அறிவு போன்றோர் பரவலாக அறியப்பட்டது அதன் வழியேதான். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியபோது, சபாக்களின் மாதம் என்று சென்னை பழகியிருந்த மாதத்திலேயே நாட்டுப்புறக் கலைஞர்கள் மேடை ஏறினார்கள். ஓசூரிலிருந்தும் பர்கூரிலிருந்தும் சென்னை சென்று அந்நிகழ்ச்சிகளைக் கண்டுவந்த இளைஞர்கள், அரண்மனை மைதானத்துக் காரர்களைப் போலவே இப்போது தேதிகளைச் சொல்கிறார்கள். முதல் நிகழ்ச்சிக்கு நான் போனேன் என்பதில் அதே பெருமிதம் தொனிக்கிறது. நம்மவர்களுக்கும் ஏங்கி நினைக்க ஓர் இசை நிகழ்ச்சி வாய்த்திருக்கிறது. இதைச் சிறிய செய்தியாக நாங்கள் கருதவில்லை.

அக்குழுவின் பெயருக்கும் இந்த எல்லைக்கும் உறவு உண்டு. 'சாதியற்ற தமிழர்' என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெரும் துணையாக இருந்த ஊர்களில் ஒன்று, நம் மாவட்டத்தின் வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ள கோலார் தங்கவயல். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போய்ச் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தலித் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். அவரது 'தமிழன்' இதழை வாசித்தார்கள். அதே ஊரில் வெள்ளை அலுவலர்களின் கிளப்பும் நடன அரங்கும் இருந்தன. (ஓசூர், தங்கவயல் இரண்டையுமே 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தவர்கள் உண்டு, யாருக்கு இங்கிலாந்து என்று அவர்கள் சொல்லவில்லை.) 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போய்வரும் மக்களாக அவர்களின் பிள்ளைகள் ஆனார்கள்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்த்தான் கேட்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இங்கேயே ஒரு மேடை போட முயன்றவர்கள் முதலில் சந்திப்பது அனுமதி என்ற சொல்லை. ஒலி மாசு விதிகள் 2000இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் மட்டும் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் தொழிற்பகுதியில் 75 டெசிபலும் வரம்பு. இதற்கு மேல் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், பிரிவு 30. ஊர்வலங்களை முறைப்படுத்தவும், விழாக்களின்போது தெருவில் எந்த அளவுக்கு இசை ஒலிக்கலாம் என்று தீர்மானிக்கவும் அது காவல் துறைக்கு அதிகாரம் தருகிறது. சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் வெள்ளையர் இயற்றிய சட்டம், இன்றும் நம் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்தின் மேளத்தை அளக்கிறது.

விதி அனைவருக்கும் ஒன்றாக இருந்தால் எங்களுக்குக் குறையில்லை. முதியவரின் உறக்கத்துக்கும் மாணவரின் படிப்புக்கும் மதிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னதை ஏற்கிறோம். ஊரில் நடக்கும் விழாவுக்கு வாய்மொழியில் கிடைக்கும் அனுமதி, சேரியில் நடக்கும் விழாவுக்கு எழுத்தில் கேட்டாலும் கடைசி நாள்வரை கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். கிடைத்தாலும் வழித்தடம் மாற்றப்பட்டிருக்கும். குறிப்பிட்ட தெரு விடுபட்டிருக்கும். சட்டம் ஒழுங்கு என்று ஒரு வரி காரணம் இருக்கும். பொதுத் தெருவில் இசையோடு ஊர்வலம் செல்வது எந்தப் பிரிவினருக்கும் உள்ள உரிமை என்றும், அதை முறைப்படுத்தலாமே தவிரப் பறிக்கக் கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 1880களிலேயே கூறியிருக்கிறது. பின்னர் பிரிவி கவுன்சிலும் அதே திசையில் தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளில் மோதிக்கொண்ட தரப்புகள் வேறு. ஆனால் தெரு யாருடையது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை நமக்கும் பொருந்தும்.

ஆகவே எங்களிடம் வருவோருக்கு நாங்கள் சொல்வது இது: மனுவை இரண்டு வாரம் முன்பே கொடுங்கள், நகலில் நாளும் முத்திரையும் பெறுங்கள். நேரில் கொடுத்தால் வாங்க மறுப்பார்கள் என்று தோன்றினால் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். வழித்தடத்தை வரைபடமாக இணையுங்கள். அதே தெருவில் கடந்த ஓராண்டில் நடந்த பிற ஊர்வலங்களின் தேதிகளைக் குறிப்பிடுங்கள். மறுப்பு ஆணையை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கும்போது அந்த ஒரு பத்தியே பாதி வாதம். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கக் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம்.

அண்மையில் அப்படி ஒரு மனுவை எழுத உதவினோம். கேட்டு வந்தவர் தொடக்கத்தில் நாங்கள் சொன்ன அதே ஆலைத் தொழிலாளி. தம் தெருவில் ஏப்ரல் 14 அன்று மாலை ஒரு மேடை. அவர் தெருப் பிள்ளைகள் இருவர் கிட்டார் வாசிக்கிறார்கள், ஒருவர் டிரம்ஸ். பயன்படுத்தப்படும் கருவிகள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டோம். பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அவர்கள் தெருவில் தமட்டையை நிறுத்திப் பத்தாண்டுக்கு மேலாகிறது. கருவிகளைப் பரணில் போட்டிருந்தார்கள். மறுநாள் வந்து, நான்கு தமட்டை என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். யார் அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டோம். தன் தந்தை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்; இழவுக்கு இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு. அனுமதி நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை வந்தது, இரவு 10 மணி வரை என்ற நிபந்தனையோடு. அன்று மழை தூறியது. மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிக் கறுப்பு பனியன் இளைஞர்கள் கைப்பேசியோடு நின்றார்கள். கடைசிப் பாட்டு முடிந்தபோது மணி 9.50.